பேய் முறைப்பாடு: மிஸ்ஃபிட்ஸின் ‘வாக் அமங் அஸ்’

ஹாரர் பங்க் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் விளக்கமெல்லாம் சொல்வதில்லை. ‘வாக் அமங் அஸ்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் போட்டுவிடுவேன். ‘பிரெய்ன் ஈட்டர்ஸ்’ என்று பேர். ஒரு நிமிஷம்கூட ஓடாது. நாலைந்து பேர் சாப்பாட்டு மேஜையைத் தட்டிக்கொண்டு கும்பலாகக் கத்துகிற மாதிரி ஒரு பாட்டு. கத்துவது மனுஷர்கள் இல்லை, மூளை தின்னும் பேய்கள். என்ன கத்துகின்றன? வேளைக்கு வேளை மூளைதானா, வேற ஒண்ணுமே கிடையாதா என்று. ஹாஸ்டலில் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். காலையில் மறுபடியும் உப்புமா என்றால் மெஸ்ஸில் எழும் சத்தம் இதேதான்.

தமிழ் படித்தவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரணும். 12-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயங்கொண்டார் எழுதிய கலிங்கத்துப் பரணியில் ‘பேய் முறைப்பாடு’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. பசி தாங்காத பேய்கள் கூட்டமாகப் போய்க் காளியிடம் முறையிடுகின்றன. அப்புறம் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை அழிக்கிறான், களம் பிணமாய்க் கிடக்கிறது, பேய்கள் அங்கேயே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சுகின்றன. செத்தவர்களின் பல்தான் அரிசி. பந்தியில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஊற்றச் சொல்கிறார்கள். இரண்டே அடியில் முடியும் தாழிசைகள், அடிக்கொரு சந்தம், மூச்சு விட நேரமில்லாத வேகம். பயமுறுத்தவே பயமுறுத்தாது. சிரிப்பு வரும், கொஞ்சம் குமட்டும், ஆனால் விடாமல் அடுத்ததைப் படிக்கத் தோன்றும். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து லோடை என்ற சின்ன ஊர்ப் பையன்கள் செயங்கொண்டாரைக் கேள்விப்பட்டிருக்கப் போவதில்லை. ஆனால் பேயைப் பற்றிப் பாடுவது வேறு, பேயாக உட்கார்ந்துகொண்டு பாடுவது வேறு என்பது இரண்டு இடத்திலும் தெரிந்திருக்கிறது.

மிஸ்ஃபிட்ஸ் 1977-ல் தொடங்கிய குழு. பாடகர் கிளென் டேன்ஸிக், பேஸ் கிடார் ஜெர்ரி ஒன்லி. குழுவின் பேரே மர்லின் மன்றோ நடித்து முடித்த கடைசிப் படத்தின் பேர். 1978-ல் ஒரு முழு ஆல்பத்துக்கான பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அது நடந்த கதை வேடிக்கையானது. டேன்ஸிக் தன் சின்ன கம்பெனிக்கு வைத்திருந்த ‘பிளாங்க் ரெக்கார்ட்ஸ்’ என்ற பேர் மெர்க்குரி ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய கம்பெனிக்குத் தேவைப்பட்டது. பேரை விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாக 30 மணி நேர ஸ்டுடியோ நேரம் கிடைத்தது. பதிவான ஆல்பத்தை வெளியிட ஆள் கிடைக்கவில்லை. ‘ஸ்டாட்டிக் ஏஜ்’ என்ற அந்த ஆல்பம் முழுசாக வெளிவந்தது 1990-களின் பாதிக்கு மேல்தான். அதனால் 1982 மார்ச்சில் ரூபி ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ‘வாக் அமங் அஸ்’தான் கடைக்கு வந்த முதல் முழு ஆல்பம். 13 பாட்டு, எல்லாம் சேர்த்து 25 நிமிஷத்துக்குள். பாட்டுகள் எல்லாமே டேன்ஸிக் எழுதியவை. கிடார் வாசித்த டாயில், ஜெர்ரியின் தம்பி. ஆல்பம் வந்தபோது அவருக்கு 17 வயசு. டிரம்ஸ் ஆர்தர் கூகி.

அண்ணனும் தம்பியும் குடும்பத்தின் இயந்திரப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். இந்தத் தகவலை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. கோயமுத்தூர்ப் பக்கம் லேத் பட்டறை பார்த்தவர்களுக்கு இந்த ஆல்பத்தின் சத்தம் அந்நியமாகப் படாது. கிடார் சத்தத்தில் தனித்தனித் தந்தி கேட்காது. கம்பியை அரக்கும் ரம்பம் மாதிரி ஒரே இழுப்பு. பதிவும் ஒரே மூச்சில் நடந்ததில்லை, பல அமர்வுகளில் சேர்த்தது. ‘மம்மி, கேன் ஐ கோ அவுட் அண்ட் கில் டுநைட்?’ மேடையில் பாடியதை அப்படியே எடுத்து நடுவில் செருகியது. அதனால் பாட்டுக்குப் பாட்டு சத்தத்தின் தரம் ஏறி இறங்கும். அது ஒரு குறையாக எனக்குப் படவில்லை. வழவழப்பாக்கியிருந்தால் இந்தப் பாட்டுகள் செத்திருக்கும்.

ஆனால் அந்த இரைச்சலுக்கு மேலே ஒரு குரல் வருகிறது பாருங்க, அங்கேதான் இந்த ஆல்பம் மற்ற பங்க் ஆல்பங்களிலிருந்து பிரிகிறது. அந்தக் காலப் பங்க் பாடகர்கள் பலரும் கத்தினார்கள், துப்பினார்கள். டேன்ஸிக் பாடுகிறார். எல்விஸ் பிரெஸ்லி, ராய் ஆர்பிசன் வகையறாக் குரல். காதலியின் வாசலில் நின்று உருகுவதற்கென்றே வளர்த்த குரலை வைத்துக்கொண்டு மண்டை ஓடு, பிணம், செவ்வாய்க் கிரகவாசி என்று பாடுகிறார். ‘வாம்பைரா’ பாட்டைக் கேளுங்க. வார்த்தையை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் முணுமுணுத்தால் 1950-களின் காதல் பாட்டு. வாம்பைரா என்பது 1954-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேய்ப் படங்களை அறிமுகப்படுத்திப் பேச வந்த பாத்திரம், அதில் வந்தவர் மைலா நுர்மி. டேன்ஸிக் பிறப்பதற்கு முந்தைய வருஷத்துச் சமாச்சாரம். பார்க்காத ஒருத்தியின் மேல் காதல் பாட்டு, ஒன்றரை நிமிஷத்தில்.

அப்புறம் அந்த ‘வோ… ஓ’ கோரஸ். பல்லவி வரும்போது குழு முழுக்கச் சேர்ந்து இழுக்கும். ‘ஆஸ்ட்ரோ ஸாம்பீஸ்’ பாட்டில் அது உச்சம். உலகத்தை அழிக்கக் கிளம்பிய ஒரு கிறுக்கு விஞ்ஞானியின் வாக்குமூலத்தை ஒரு அரங்கமே சேர்ந்து பாடுகிற மெட்டில் போட்டிருக்கிறார்கள். கேட்பவரும் சேர்ந்துகொள்ளாமல் இருக்க முடியாது. ஹாரர் சினிமாவில் பயம் தனியாக இருப்பதிலிருந்து வருகிறது, இருட்டில் ஒருத்தர், பின்னால் காலடி. இங்கே யாரும் தனியாக இல்லை. பயத்துக்கு வழியே கிடையாது.

நம்ம சினிமாப் பேயோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1966-ல் வந்த ‘யார் நீ?’ படத்தின் ‘நானே வருவேன்’ பாட்டுத்தான் தமிழில் பேய்ப் பாட்டின் அச்சு. வேதாவின் இசை, பி.சுசீலாவின் குரல், வெள்ளைச் சேலை, பனி. படமே இந்தியில் 1964-ல் வந்த ‘வோ கௌன் தீ’யின் மறு ஆக்கம். அதற்கப்புறம் எத்தனையோ படத்தில் பேய் மெதுவாகத்தான் பாடியது, தூரத்திலிருந்துதான் பாடியது, தனியாகத்தான் பாடியது. அதைவிட முக்கியம், தமிழ் சினிமாப் பேய்க்குக் கண்டிப்பாக ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு. யாரோ கொன்றிருப்பார்கள், நிலத்தைப் பிடுங்கியிருப்பார்கள், ஏமாற்றியிருப்பார்கள். 2011-ல் வந்த ‘காஞ்சனா’வில் பாட்டின் வேகம் குத்துப் பாட்டு வேகத்துக்கு மாறியது, பேய் கும்பலோடு ஆடியது, ஆனால் ஃப்ளாஷ்பேக் அப்படியே இருந்தது. கொல்லப்பட்ட திருநங்கை நியாயம் கேட்டுத் திரும்பி வருகிறாள். நம்ம பேய் கையில் மனுவோடு வருகிற பேய்.

மிஸ்ஃபிட்ஸ் பேய்க்கு மனு கிடையாது. ஏன் பேயானது, யார் கொன்றது, எப்போ அடங்கும் என்று ஒன்றும் சொல்லாது. ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்க. ஜார்ஜ் ரொமேரோவின் 1968 படத்தின் பேர் அது. படத்துக்குத் தலைப்பை மாற்றும்போது பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப் போனதால் யார் வேண்டுமானாலும் திரையிடலாம் என்று ஆகி, ஊரெல்லாம் பரவிய படம். அந்தப் படத்திலும் செத்தவர்கள் ஏன் எழுந்தார்கள் என்பதற்கு உறுதியான பதில் இல்லை. எழுந்தார்கள், பசிக்கிறது, வருகிறார்கள். பாட்டும் அவ்வளவுதான்.

இதை மேலோட்டமான விளையாட்டு என்று ஒதுக்கலாம். சிலர் ஒதுக்கத்தான் செய்கிறார்கள். நான் பவானியில் இருந்துகொண்டு கேட்கிறேன் என்பதாலோ என்னவோ, எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூடுதுறைக்கு வாரத்தில் எந்த நாள் போனாலும் யாராவது மொட்டையடித்து, ஈர வேட்டியோடு பிண்டம் வைத்துக்கொண்டிருப்பார்கள். காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்கிற இடம் என்று நம்பிச் சேலத்திலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் வருகிறார்கள். அங்கே செத்தவரிடம் யாரும் ஃப்ளாஷ்பேக் கேட்பதில்லை. செத்தவருக்குப் பசிக்கும், சோறு வைக்கணும், அவ்வளவுதான் கணக்கு. காக்கா வந்து எடுத்தால் வீட்டுக்குக் கிளம்பலாம். பேய்க்கு நீதி வேண்டும் என்பது சினிமா நமக்குச் சொன்னது. அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே இருக்கிற நம்பிக்கை பசியைப் பற்றியது. பரணிப் பேய்க்கும் பசி, ‘பிரெய்ன் ஈட்டர்ஸ்’ பேய்க்கும் பசி.

ஆல்பத்தின் சிறந்த பாட்டுகள் பேயாக மாறுவதை உள்ளிருந்து சொல்பவை. முதல் பாட்டு ‘20 ஐஸ்’. தலையில் 20 கண் முளைத்த ஒருத்தனின் புலம்பல். கேட்கக் கோமாளித்தனம்தான். ஆனால் எல்லாப் பக்கமும் எல்லாம் தெரிகிறது, மூட வழியில்லை என்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று இரண்டாவது தடவை கேட்கும்போது உறைக்கும். அடுத்தது ‘ஐ டர்ன்ட் இன்டு எ மார்ஷியன்’. ஒருத்தன் செவ்வாய்க் கிரகவாசியாக மாறிவிட்டான், தன் பேர்கூட ஞாபகத்திலிருந்து நழுவுகிறது. இதைத் துக்கமாகப் பாடியிருக்கலாம். டேன்ஸிக் கொண்டாட்டமாகப் பாடுகிறார், கோரஸ் கூடவே ஏறுகிறது. 13 பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். சொந்த ஊரில், சொந்த வீட்டில், தான் வேற்றாள் என்று உணர்ந்த எந்தப் பதினெட்டு வயசுக்காரருக்கும் இந்த இரண்டு நிமிஷம் போதும். பேர் போனால் போகட்டும் என்கிற விடுதலை அதில் இருக்கிறது. அதைத் தத்துவமாக்காமல் பறக்கும் தட்டு, பச்சை ரத்தம் என்கிற மட்டத்திலேயே நிறுத்தியதுதான் கெட்டிக்காரத்தனம்.

அட்டையும் அதே மட்டம்தான். 1950-களின் மலிவுப் படங்களிலிருந்து எடுத்த பறக்கும் தட்டுகள், ‘தி ஆங்கிரி ரெட் பிளானட்’ படத்தில் வரும் எலியும் வவ்வாலும் சிலந்தியும் கலந்த ஒரு ஜந்து, அதற்கு முன்னால் குழு. அந்தப் படங்கள் வந்த காலம் அமெரிக்காவில் அணுகுண்டு விழுந்தால் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த காலம். பெரியவர்களின் நிஜ பயம் குழந்தைகளுக்கு ரப்பர் ஜந்துவாக வந்து சேர்ந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் ரப்பரை எடுத்து மாட்டிக்கொண்டு மேடை ஏறினார்கள். நம்ம ஊர் முனியப்பன் சிலையை எடுத்துக்கொள்ளுங்க. உருட்டிய கண், வெளியே நீட்டிய பல், கையில் அரிவாள். அந்நியர்களுக்கு அது பயங்கரம். பக்கத்து வீட்டுக் குழந்தை அதன் காலடியில் உட்கார்ந்து பொரி தின்கிறது. கோர உருவம் யாருடைய கட்சி என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஆல்பத்தின் மோசமான பாட்டையும் பார்க்கணும். ‘ஸ்கல்ஸ்’. மெட்டு அருமை, ரசிகர்கள் மேடையில் கேட்டுக் கேட்டு வாங்குகிற பாட்டு, மற்ற குழுக்களும் எடுத்துப் பாடுகிறார்கள். பாட்டின் ஆள், சின்னப் பெண்களின் தலையை வெட்டிச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறவன். உன் மண்டை ஓடும் எனக்கு வேணும் என்று காதல் குரலில் கெஞ்சுகிறான். இது சினிமா, நிஜமில்லை, கேலிச்சித்திரம் என்ற பதில் எனக்குத் தெரியும். கேலிச்சித்திரம் என்பதை ஒத்துக்கொண்டே சொல்கிறேன், பாட்டு தோற்கிற இடம் ஒழுக்கத்தில் மட்டும் இல்லை, கற்பனையிலும்தான். ‘மார்ஷிய’னில் பாடுகிறவன் எதையோ இழந்து வேறொன்றாகிறான். ‘20 ஐஸ்’ ஆளுக்கு உடம்பே பாரம். ‘ஸ்கல்ஸ்’ ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேயே இல்லை அவன். கையில் கத்தி வைத்திருக்கிற சாதாரண ஆம்பிளை. அப்படிப்பட்டவனைத் தெரிந்துகொள்ள ஹாரர் பங்க் எதுக்கு, தினத்தந்தி போதும். ‘டெவில்ஸ் ஹோர்ஹவுஸ்’ பாட்டுக்கும் இதே வியாதி, கூடவே மெட்டும் சுமார்.

சுவரில் மாட்டப்பட்டவள் பாடினால் எப்படி இருக்கும்? நமக்கு அது தெரிந்த கதை. பழையனூர் நீலி. கொன்ற கணவனை அடுத்த பிறவியிலும் விடாமல் துரத்துகிறாள். கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச் சபையில் வந்து நின்று, இவன் என் புருஷன் என்கிறாள். சபை நம்புகிறது. அவள் பேசுகிற பேச்சில்தான் கதையே நடக்கிறது. அதே திருவாலங்காட்டுச் சுடுகாட்டில்தான் காரைக்கால் அம்மையார் தன்னைக் ‘காரைக்கால் பேய்’ என்று சொல்லிக்கொண்டு பாடினார், வற்றிய முலையும் குழிந்த கண்ணுமாய். பெண் பேய் எழுதிய பாட்டு நம்மிடம் ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக இருக்கிறது. மிஸ்ஃபிட்ஸில் அந்தக் குரலுக்கு இடமே இல்லை. வாம்பைராவையும் ஆண்தான் வர்ணிக்கிறான், அவள் வாயைத் திறப்பதில்லை. சரியாகச் சொல்லப்போனால் பரணிக்கும் இந்தக் குற்றம் உண்டு. பேய்களின் பந்தியில் சிரித்துவிட்டு வருகிறோம், அரிசியாகக் குத்தப்பட்ட பல் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. கூழ் முடிந்ததும் குலோத்துங்கனுக்கு வாழ்த்து.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. குழுவின் பேருக்கே எங்கேயும் பொருந்தாதவர்கள் என்றுதான் அர்த்தம். நெற்றியில் முடியை வாலாகத் தொங்கவிட்டு, மூஞ்சியில் மை பூசி, எலும்புக்கூடு வரைந்த உடையோடு ராத்திரி மேடை ஏறினார்கள். காலையில் கழுவிவிட்டுப் பட்டறைக்குப் போகலாம். அந்தக் கழுவுகிற வசதி எல்லோருக்கும் கிடையாது. சாவையும் வேகத்தையும் சேர்த்து வைப்பது நமக்குப் புதுசு இல்லை. கொங்குப் பக்கம் எழவு வீட்டில் தப்பட்டை அடித்தால் துக்கத்துக்கு வந்தவர்களின் கால் தானாக ஆடும். கிடாரைக் கழற்றிவிட்டுத் தாளத்தை மட்டும் கேட்டால் ‘ஆல் ஹெல் பிரேக்ஸ் லூஸ்’ அதற்கு ரொம்பத் தூரமில்லை. ஆனால் அந்தத் தப்பட்டையை அடித்தவர்களை ஊர் தீட்டு என்று சொல்லி வெளியே நிறுத்தியது. அவர்கள் வேற்றாளாக வேஷம் போடவில்லை, ஊர் அவர்களுக்கு அந்த வேஷத்தைக் கட்டிவிட்டது. 2018 ஜனவரியில் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியபோது கானாவும் பறையும் கிடாரும் ராப்பும் ஒன்றாக வந்தன. அங்கே ஒரு முறைப்பாடு இருந்தது, அது யாரைப் பார்த்து என்பதும் தெளிவாக இருந்தது. அதைக் கேட்டுவிட்டு மிஸ்ஃபிட்ஸுக்குத் திரும்பினால் சில பாட்டுகள் சட்டென்று இளைத்துப்போகின்றன. ‘வயலென்ட் வேர்ல்ட்’, ‘ஹேட்பிரீடர்ஸ்’ இரண்டும் யார் மேல் கோபம் என்று தெரியாமல் கோபப்படுகின்றன. ‘மார்ஷியன்’ இளைக்கவில்லை. அது யாரையும் கேட்கவில்லை, யாரையும் மிதிக்கவும் இல்லை.

‘வாக் அமங் அஸ்’ஸுக்கு அப்புறம் குழு ரொம்ப நாள் நிற்கவில்லை. அடுத்த ஆல்பமான ‘எர்த் ஏ.டி.’ இன்னும் வேகம், இன்னும் இருட்டு, ஆனால் அந்தக் காதல் குரல் அதில் நசுங்கிப்போனது. 1983 அக்டோபர் கடைசியில் பிரிந்துவிட்டார்கள். 1987-ல் மெட்டாலிகா இவர்கள் பாட்டில் இரண்டை எடுத்துப் பாடிய பிறகுதான் பெரிய கூட்டம் தேடி வந்தது. அப்புறம் பேருக்காக வழக்கு, 1995-ல் சமரசம், 2016-ல் டேன்ஸிக்கும் ஜெர்ரியும் மறுபடி ஒரே மேடை. இதற்கிடையில் 1946-ல் வந்த ‘தி கிரிம்ஸன் கோஸ்ட்’ என்ற தொடர்படத்தின் வில்லன் முகமூடியிலிருந்து இவர்கள் எடுத்த மண்டை ஓடு தனியாகக் கிளம்பி, பாட்டையே கேட்காதவர்களின் பனியனிலும் ஏறிவிட்டது.

புதுசாகக் கேட்கிறவர்களுக்கு ஒரு யோசனை. வரிசைப்படி கேட்காதீங்க. முதலில் ‘ஐ டர்ன்ட் இன்டு எ மார்ஷியன்’, அப்புறம் ‘வாம்பைரா’, அப்புறம் ‘ஆஸ்ட்ரோ ஸாம்பீஸ்’. ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரில் கொஞ்சம் சத்தமாக வையுங்க, வீட்டில் ஆள் இருந்தால் இன்னும் நல்லது. ‘பிரெய்ன் ஈட்டர்ஸ்’ஸைச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பரணி கையில் இருந்தால் கூழ் காய்ச்சும் பகுதியைப் பக்கத்தில் பிரித்து வைத்து, வாய்விட்டுப் படித்துப் பாருங்க. மௌனமாகப் படித்தால் இரண்டுமே வேலைக்காகாது.